ஸ்டெப்னியில் காற்று இல்லை

எங்கள் வீட்டில் டூர் என்றால் முதலில் எக்ஸெல் ஷீட் வரும். அதைப் போடுகிறவன் நான். அக்கவுண்ட்ஸ் பிரிவில் பதினாறு வருடமாகக் குப்பை கொட்டுகிறேன், கை தானாகவே கட்டம் போட ஆரம்பித்துவிடும். எத்தனை மணிக்குக் கிளம்புவது, யார் எந்த வண்டியில், எவ்வளவு தூரத்துக்கு ஒரு நிறுத்தம், நின்றால் எத்தனை நிமிடம். கடைசியாகப் போட்ட ஷீட்டில் 'பாத்ரூம்: 12 நிமிடம்' என்று ஒரு வரி இருந்தது. ஒன்பது பேருக்குப் பன்னிரண்டு நிமிடம். அதைப் பார்த்துவிட்டு மெடிக்கல் ரெப் நண்பன் குரூப்பில் ஒரே ஒரு வரி போட்டான்: "டேய், இது டூரா, ஆடிட்டா?"

ஒன்பது பேர் என்றால் நான், மனைவி, அம்மா, அக்கா, மாமா, அவர்கள் மகள், மெடிக்கல் ரெப்பும் அவன் மனைவியும், அப்புறம் சாஃப்ட்வேர் நண்பன். குடும்பத்தையும் நண்பர்களையும் ஒரே டூரில் சேர்க்கக் கூடாது என்பார்கள். எங்கள் வீட்டில் அந்தப் பிரச்சினை இல்லை. இந்த இரண்டு பேரும் காலேஜ் முதல் வருடத்திலிருந்தே அம்மாவைப் பார்க்க என்னிடம் கேட்காமல் வந்து போகிறவர்கள்.

பேச ஆரம்பித்ததிலிருந்து கிளம்புவதற்குப் பதினான்கு மாதம் பிடித்தது. மாதக் கடைசி என்றால் ரெப்புக்கு டார்கெட் கழுத்தை நெரிக்கும். மாத முதல் வாரம் என்றால் எனக்குக் கணக்கு முடிக்கிற வேலை. நடுவில் இருக்கிற நாட்களில் மாமாவுக்கு ஷிப்ட் மாறும், இல்லையென்றால் அக்கா மகளுக்குப் பரீட்சை வரும். சாஃப்ட்வேர் நண்பன் மட்டும் கடைசி இரண்டு மாதமும் எந்தத் தேதி சொன்னாலும் "பார்த்துச் சொல்றேன்" என்பான். மூன்று முறை அப்படிச் சொன்னான். மூன்றாவது முறை நான் அவனுக்கு 'பிஸி மேன்' என்று பெயர் வைத்து, அதற்கு ஒரு சிரிப்புப் படமும் போட்டேன். அது பிறகு என் மண்டையைக் குடைந்தது. அதை அப்புறம் சொல்கிறேன்.

லீவு லெட்டர் எழுதும்போதெல்லாம் எனக்கு அப்பா ஞாபகம் வரும். அவர் லேத் பட்டறையில் வேலை பார்த்தவர். ஓடினால் கூலி, நின்றால் இல்லை. எங்களை அவர் எங்கேயும் கூட்டிப்போனதில்லை என்று சின்ன வயதில் எனக்கு ஒரு குறை உண்டு. சம்பளத்தோடு லீவு என்பதே உலகத்தில் ரொம்பப் பழைய சங்கதி இல்லை என்பது பின்னால்தான் தெரிந்தது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, ஒரு வருடம் தொடர்ந்து வேலை செய்தவருக்குக் குறைந்தது ஆறு வேலைநாள் சம்பளத்துடன் விடுமுறை என்று உடன்படிக்கை போட்டது 1936-ல். 1948-ல் ஐ.நா. வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனத்தின் 24-வது பிரிவு ஓய்வையும் சம்பளத்தோடு கூடிய விடுமுறையையும் உரிமை என்கிறது. அந்த ஆறு நாள் மூன்று வாரமாக உயர 1970 வரை ஆனது. இதெல்லாம் அப்பாவின் பட்டறை வாசல் வரைக்கும் வரவில்லை. எனக்கு வருடத்துக்கு இத்தனை நாள் என்று வருகிறது. அதிலும் பாதியை 'எதற்கும் இருக்கட்டும்' என்று சேர்த்துவைத்து, வருடக் கடைசியில் கோட்டைவிடுகிறேன்.

தேதி உறுதியான நாளிலிருந்து வீடு வேறு மாதிரி ஆகிவிட்டது. நெதர்லாந்தில் 1,530 பேரை வைத்து எரோன் நாவைன் என்பவரும் அவருடன் இருந்தவர்களும் செய்த ஆய்வு ஒன்று 2010-ல் வந்தது. விடுமுறைக்குப் போகிறவர்கள், போகாதவர்களைவிட மகிழ்ச்சியாக இருந்தது பெரும்பாலும் கிளம்புவதற்கு முன்புதானாம். திரும்பி வந்த பிறகு இரண்டு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மிக மிக நிம்மதியாகப் போய்வந்தவர்களுக்கு மட்டும் கொஞ்ச நாள் அது தங்கியது. ஆய்வெல்லாம் செய்யாமலே எங்கள் அம்மாவுக்கு இது தெரியும். கிளம்ப இன்னும் பத்து நாள் இருக்கும்போதே அவர் பையை எடுத்து வெயிலில் காயப்போட்டுவிட்டார்.

அந்தப் பையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். காக்கி நிறம், ஒரு பக்க ஜிப் வேலை செய்யாது, அதற்குப் பதில் இரண்டு சேஃப்டி பின். உள்ளே ஒரு பை, அதற்குள் இன்னொரு பை. மடித்து மடித்து முக்கோணமாக்கிய பிளாஸ்டிக் கவர்கள், ரப்பர் பேண்ட் சுற்றிய மாத்திரை டப்பா, ஊசி நூல், இரண்டு முழம் கயிறு, பழைய துணிகள், நான்காக மடித்த செய்தித்தாள், டார்ச். அந்த டார்ச்சின் பேட்டரியைக் கழற்றித் திருப்பிப் போட்டு வைத்திருப்பார், பைக்குள் தானாக அழுந்தி எரிந்து தீர்ந்துவிடக் கூடாதாம். "ரூம்ல எல்லாம் இருக்கும்மா" என்று மனைவி சொன்னாள். "ரூமுக்குப் போற வரைக்கும்?" என்று கேட்டார் அம்மா. அதற்கு யாரிடமும் பதில் இல்லை.

ஷீட்டில் கிளம்பும் நேரம் அதிகாலை 4.30. கிளம்பியது 6.40.

முதல் ஒரு மணி நேரத்திலேயே அக்கா மகளுக்குக் குமட்டல் வந்தது. அவளுக்கு ஒன்பது வயது, எங்கள் வண்டியில்தான் வருவேன் என்று அடம்பிடித்து ஏறியவள். பின்சீட்டில் உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டு வந்திருக்கிறாள். கண் பார்க்கிற புத்தகம் அசையாமல் இருக்கிறது, உள்காதோ 'ஆடுகிறோம், திரும்புகிறோம்' என்கிறது. இரண்டும் முரண்பட்டு, கடைசியில் மாட்டிக்கொள்வது வயிறு. ஓட்டுகிறவருக்கு இது சாதாரணமாக வராது, வளைவு வருவதற்கு முன்பே அவர் உடம்புக்குத் தெரிந்துவிடுகிறது. அதனால் என் மனைவி பின்னால் போனாள், குட்டி முன்னால் வந்தாள். ரோட்டையே பார்த்துக்கொண்டு வா என்றேன். பார்த்ததோடு நிற்காமல் கமெண்டரி சொல்ல ஆரம்பித்துவிட்டாள். "இடது வளைவு. சின்னது. லாரி. மறுபடி இடது." அதற்கப்புறம் குமட்டல் இல்லை. காதுதான் வலித்தது, எங்களுக்கு.

மலை ஏற ஆரம்பிப்பதற்குக் கொஞ்சம் முன்னால்தான் அது நடந்தது. ஸ்டீயரிங் இடது பக்கமாக இழுத்தது. "மாமா, ஏதோ சத்தம் வருது, டப டபன்னு" என்றது கமெண்டரி. ஓரங்கட்டி இறங்கிப் பார்த்தால், பின்பக்க இடது டயர் சப்பையாகிக் கிடந்தது.

பஞ்சர் எல்லாம் பெரிய விஷயமா என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. டிக்கியில் இருந்த அத்தனை பெட்டியையும் ரோட்டோரம் இறக்கி, அடியிலிருந்து ஸ்டெப்னியை எடுத்து, ஜாக்கியை வைத்து வண்டியைத் தூக்கினேன். தூக்கிய பிறகு நட்டில் ஸ்பேனரைப் போட்டுத் திருகினால், நட்டு கழலவில்லை, சக்கரமே சுற்றுகிறது. நட்டைத் தரையில் இருக்கும்போதே அரைச் சுற்று தளர்த்திவிட்டுத்தான் ஜாக்கி போட வேண்டும். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை, டென்ஷனில் கை வேறு வரிசையில் போய்விட்டது. மறுபடி இறக்கினேன். சாஃப்ட்வேர் நண்பன் போனில் வீடியோ தேடிக்கொண்டிருந்தான், சிக்னல் இல்லை.

"டேய், முதல்ல கல்லு வை" என்றார் அம்மா.

நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள் அவரே ரோட்டோரத்திலிருந்து தேங்காய் அளவுக்கு ஒரு கருங்கல்லைத் தூக்கிவந்து, வலது பக்க முன்சக்கரத்துக்குப் பின்னால் வைத்து, காலால் இரண்டு முறை தட்டி இறுக்கினார். பஞ்சரான சக்கரத்துக்கு நேர் குறுக்கே. பட்டறைச் சாமான் ஏற்றிப்போகும் வாடகை வண்டிகளில் அப்பாவோடு அம்மாவும் போயிருக்கிறார் என்று அக்காவுக்குக்கூட அன்றுதான் தெரிந்தது. "பாதி நாள் இந்த வேலைதான் எனக்கு. உங்கப்பா அடியில படுத்திருப்பாரு, நான் கல்லைப் பிடிச்சுக்கிட்டு உட்காந்திருப்பேன்" என்றார். எங்கேயும் கூட்டிப்போகாத அப்பாவைப் பற்றி நான் வைத்திருந்த சித்திரத்தில் இப்படி ஒரு காட்சி இல்லவே இல்லை.

சரி, நட்டு கழன்றது, ஸ்டெப்னியை மாட்டினேன், எதிரெதிர் நட்டாக மாற்றி மாற்றி முறுக்கினேன், நிதானமாக ஜாக்கியை இறக்கினேன். இறக்க இறக்க, ஸ்டெப்னியும் தரையோடு தரையாக உட்கார்ந்தது.

அதில் காற்று இல்லை. டயர் உருளாமல் சும்மா கிடந்தாலும் ரப்பர் வழியாகக் காற்று கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டேதான் இருக்கும். நான் அதைத் தொட்டுப் பார்த்து இரண்டு வருடத்துக்கு மேல் இருக்கும். ஷீட்டில் பாத்ரூமுக்கு நிமிடக் கணக்கு இருந்தது, ஸ்டெப்னிக்கு ஒரு வரி இல்லை. யாரும் எதுவும் சொல்லவில்லை. ரெப் மட்டும் வந்து குனிந்து பார்த்துவிட்டு, "ஆடிட்டர் சார், இது என்ன ஹெட்ல வரும்?" என்றான்.

மாமா வண்டியின் ஸ்டெப்னியைப் போடலாமா என்று பார்த்தோம். அவர் வண்டிக்கு ஐந்து நட்டு, என்னுடையதற்கு நான்கு. கடைசியில் பஞ்சரான டயரை அவர் டிக்கியில் போட்டுக்கொண்டு, அவரும் ரெப்பும் கடை தேடிக் கிளம்பினார்கள். மீதி ஏழு பேர் ஒரு மரத்தடியில் உட்கார்ந்தோம். அம்மாவின் பையிலிருந்து செய்தித்தாள் வெளியே வந்தது. ரூமுக்குப் போகிற வரைக்கும் என்றால் இதுதான் போலிருக்கிறது.

ஸ்டெப்னி என்ற சொல்லே ஒரு தெருவின் பெயர். வேல்ஸ் நாட்டில் லனெத்லி என்ற ஊரில் ஸ்டெப்னி தெரு என்று ஒன்று இருக்கிறது. அங்கே கடை வைத்திருந்த டேவிஸ் சகோதரர்கள் 1904-ல் மாற்றுச் சக்கரம் ஒன்றைச் செய்து விற்க ஆரம்பித்தார்கள். அந்தக் காலத்துக் கார்களில் மாற்றுச் சக்கரமே கிடையாது, நடுரோட்டில் உட்கார்ந்து டயரைக் கழற்றி ஒட்டித்தான் ஆக வேண்டும். இவர்கள் செய்தது ஆரக்கால் இல்லாத வெறும் வளையம், அதன்மேல் காற்றடித்த டயர். சப்பையான சக்கரத்தின் பக்கத்திலேயே அதைக் கவ்வவைத்துவிட்டு ஓட்டிக்கொண்டு போகலாம். கம்பெனி காலத்தோடு போய்விட்டது, தெருவின் பெயர் மட்டும் பாதி உலகம் சுற்றி நம் வாயில் உட்கார்ந்துவிட்டது. பிரேசிலில் இன்றைக்கும் மாற்றுச் சக்கரத்துக்கு 'எஸ்தெப்பி' என்றுதான் பெயர். இதை அந்த மரத்தடியில் நான் சொல்லியிருந்தால் அடித்திருப்பார்கள். வீட்டுக்கு வந்து தேடிப் படித்தது.

மரத்தடியில் இரண்டு மணி நாற்பது நிமிடம். முதல் அரை மணி நேரம் எனக்குப் பொறுக்கவில்லை. வாட்சைப் பார்ப்பதும், ஷீட்டில் எந்த வரியை வெட்டலாம் என்று மனசுக்குள் கணக்குப் போடுவதுமாக இருந்தேன். அப்புறம் அதுவும் அலுத்துவிட்டது. அக்கா மகள் எறும்புப் புற்று ஒன்றைக் கண்டுபிடித்து அங்கே போய்விட்டாள். அக்காவும் ரெப்பின் மனைவியும் அதுவரைக்கும் ஒருவரையொருவர் "நல்லா இருக்கீங்களா" என்பதோடு நிறுத்திக்கொண்டவர்கள். இப்போது தலைமுடி கொட்டுவதில் ஆரம்பித்து எங்கேயோ போய்க்கொண்டிருந்தார்கள்.

சாஃப்ட்வேர் நண்பன் என் பக்கத்தில் உட்கார்ந்து புல்லைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தான். இரண்டு பேரும் ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்படியே ரோட்டைப் பார்த்தபடி சொன்னான்: "எனக்கு வேலை போயி ரெண்டு மாசம் ஆச்சுடா."

தினமும் காலையில் லேப்டாப் பையை மாட்டிக்கொண்டு கிளம்புவானாம். நூலகத்தில் உட்கார்ந்து விண்ணப்பம் போட்டுவிட்டு, வழக்கமான நேரத்துக்கு வீடு திரும்புவானாம். 'பார்த்துச் சொல்றேன்' என்றதெல்லாம் அதனால்தான். லீவு கிடைக்காமல் இல்லை. அவனுக்கு எல்லா நாளும் லீவு. நான் போட்ட 'பிஸி மேன்' படம் கண் முன்னால் வந்து நின்றது. அவன் அதற்கு ஒரு கட்டைவிரல் வேறு போட்டிருந்தான்.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த அம்மா காதில் விழுந்துவிட்டது போல.

"வீட்ல சொல்லிட்டியாப்பா?"

"இல்லம்மா."

"அப்பா கிட்டயுமா?"

"ம்."

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் பையைத் துழாவி பாட்டிலை எடுத்து நீட்டினார். "சரி, தண்ணி குடி. காலையிலேருந்து உன் முகமே சரியில்ல. இவன் ஓட்டுறதுனாலன்னு நெனச்சேன்."

அவன் சிரித்தான். தண்ணீரும் குடித்தான். எல்லாம் சரியாகிவிட்டது என்றெல்லாம் இல்லை. ஆனால் அதற்கப்புறம் இரண்டு நாளும் அவன் போனைக் கவிழ்த்து வைக்கவில்லை. பஞ்சர் ஆகாமல் இருந்திருந்தால் என்னிடம் சொல்லியிருப்பானா என்று யோசித்துப் பார்க்கிறேன். ஷீட்டில் அதற்கு எங்கே இடம் இருந்தது? அந்த நேரத்துக்கு நான் எழுதிவைத்திருந்தது: 'வியூ பாயிண்ட்: 35 நிமிடம்'.

போன இடத்தைப் பற்றி எழுத எனக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. நன்றாக இருந்தது. குளிர்ந்தது. ஐந்து இடம் பார்க்க வேண்டியதில் மூன்று பார்த்தோம், நான்காவதற்குப் போனபோது டிக்கெட் கவுண்டரை மூடிக்கொண்டிருந்தார்கள்.

எல்லோர் போனிலும் சேர்த்து ஆயிரத்து நூறு போட்டோவுக்கு மேல் எடுத்திருக்கிறோம். அதில் எத்தனை எனக்கு ஞாபகம் இருக்கிறது என்று கேட்டால் சங்கடம்தான். லிண்டா ஹென்கெல் என்ற உளவியலாளர் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், அருங்காட்சியகத்தில் ஆட்களைச் சுற்றவிட்டு, சில பொருட்களைப் போட்டோ எடுக்கவும் சிலவற்றை வெறுமனே பார்க்கவும் சொன்னார். மறுநாள் கேட்டால், போட்டோ எடுத்ததைவிடச் சும்மா பார்த்ததுதான் அதிகம் ஞாபகம் இருந்திருக்கிறது. கேமரா பார்த்துக்கொள்ளும் என்று மனசு கழன்றுகொள்கிறது. ஒரே ஒரு விதிவிலக்கு: பொருளின் ஏதோ ஒரு பகுதியை மட்டும் நெருக்கமாக ஜூம் செய்து எடுத்தவர்களுக்கு அந்த இழப்பு இல்லை. பஞ்சர் சமயத்தில் நாங்கள் பெரியவர்கள் யாரும் போட்டோ எடுக்கவில்லை. அக்கா மகள் மட்டும் அவள் அம்மா போனில் ஒன்று எடுத்திருக்கிறாள். அதில் அம்மாவின் செருப்புக் கால், கல், டயரின் அடிவிளிம்பு, அவ்வளவுதான். ஆயிரத்து நூறில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது அதைத்தான்.

திரும்பி வரும் வழி சீக்கிரம் முடிந்துவிட்டது. அது எல்லோருக்கும் அப்படித்தானாம். 2011-ல் நீல்ஸ் வான் டி வென் குழுவினர் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். பழகிய வழி என்பதால் அப்படித் தோன்றுகிறது என்றுதான் நாம் நினைப்போம். ஆனால் அதே தூரமுள்ள வேறு வழியில் திரும்பியவர்களுக்கும் அப்படியே தோன்றியிருக்கிறது. போகும்போது சீக்கிரம் போய்விடலாம் என்று நம்பி ஏமாறுகிறோம், திரும்பும்போது எப்படியும் நேரமாகும் என்று மனசைத் தயார்செய்துகொண்டு உட்காருகிறோம், அதனால் சீக்கிரம் வந்த மாதிரி இருக்கிறது. இரவில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். நான் தூங்கிவிடக் கூடாது என்று அம்மா முன்சீட்டுக்கு வந்து, தெரிந்தவர் தெரியாதவர் கதையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். கடைசி ஒரு மணி நேரம் ஒரே கதையை இரண்டு தடவை சொன்னார். நான் இரண்டு தடவையும் கேட்டேன்.

திங்கட்கிழமை ஆபீஸ் போனால், பற்றும் வரவும் சமமாக வர வேண்டிய ட்ரயல் பேலன்ஸ் உதைக்கிறது. 450 வித்தியாசம். பக்கத்து சீட் அக்கா காலையிலிருந்து தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். 450 ஒன்பதால் வகுபடும். வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால், எங்கேயோ இரண்டு இலக்கம் இடம் மாறி விழுந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். எங்கள் தொழிலில் வருகிறவர்களுக்கெல்லாம் முதல் மாதமே சொல்லித்தரும் வித்தை இது. மூன்றாவது பக்கத்தில் மாட்டியது, 270-ஐ 720 என்று அடித்திருந்தார்கள். திருத்தியதும் கீழே வித்தியாசம் பூஜ்யம் என்று வந்தது. பக்கத்து சீட் அக்கா நாற்காலியோடு ஒரு சுற்று சுற்றினார். இந்தப் பூஜ்யத்தைப் பார்க்கிற சந்தோஷத்தை வெளியாட்களுக்கு விளக்க முடியாது. மனைவியிடம் இருபது தடவை முயற்சி செய்திருக்கிறேன். "ஒண்ணும் இல்லன்னு வந்ததுக்கா இவ்வளவு சந்தோஷம்?" என்பாள்.

நண்பனுக்கு நான்கு மாதம் கழித்து வேலை கிடைத்தது. சம்பளம் முன்னைவிடக் குறைவு, ஆபீஸ் கொஞ்சம் பக்கம். வீட்டில் அவன் சொன்னது டூர் முடிந்து வந்த வாரமே. அவன் அப்பா ஒன்றும் சொல்லவில்லையாம். மறுநாள் காலை இவன் பழைய நேரத்துக்கே எழுந்து உட்கார்ந்திருக்க, "இன்னும் கொஞ்ச நேரம் தூங்குடா" என்றாராம். புது இடத்தில் ஆறு மாதம் முடிந்தால்தான் லீவு எடுக்க முடியும். அதனால் அடுத்த டூருக்கு இன்னும் தேதி குறிக்கவில்லை, நான் ஷீட்டையும் திறக்கவில்லை. ஸ்டெப்னிக்கு மட்டும் மாதா மாதம் காற்று செக் பண்ணுகிறேன், அம்மா கேட்பார்.

அந்தக் கல்லை அக்கா மகள் எங்களுக்குத் தெரியாமல் டிக்கியில் போட்டிருக்கிறாள். நான் பார்த்தது ரெண்டு வாரம் கழித்துத்தான். ஆபீஸ் போகும்போது பெரிய திருப்பத்தில் திரும்பினால், பின்னால் அது ஒரு முறை உருண்டுபோய் டக்கென்று இடிக்கும். எடுத்து வெளியே போட இரண்டு நிமிடம் ஆகாது.